வாரமாத்திரைக்காரர்களுக்கு ஒரு மடல்

ருமட்டாலஜி ஓ.பி.யில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் சொந்தங்களுக்கு,



உங்கள் ஃபைல் அட்டையில் முடக்குவாதம் என்று இருக்கலாம், லூபஸ் என்று இருக்கலாம், ஸ்க்லீரோடெர்மா, மயோசைட்டிஸ், வாஸ்குலைட்டிஸ் என்று வாயில் நுழையாத பெயராகவும் இருக்கலாம். நோய் வேறு வேறானாலும் மருந்துக் கடையில் நாம் நீட்டும் சீட்டு ஏறக்குறைய ஒன்றுதான். வாரத்துக்கு ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட், அதன் குமட்டலைக் குறைக்க ஃபோலிக் ஆசிட், காலையில் ஸ்டீராய்டு, இரவில் ஹெச்.சி.க்யூ. என்னும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். சிலருக்கு அஸாதயோப்ரின், மைக்கோஃபினோலேட். சிலருக்கு டோஃபாசிடினிப். எதற்கும் அடங்காதவர்களுக்கு ரிட்டுக்ஸிமாப் டிரிப். ஃபோலிக் ஆசிட்டையும் ஹெச்.சி.க்யூ.வையும் விட்டால் மற்ற எல்லாமே ஏறத்தாழ ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. சொந்த உடம்பையே எதிரி என்று நினைத்து அடிக்கும் எதிர்ப்பு சக்தியைத் தட்டி உட்கார வைக்கின்றன. தட்டி உட்கார வைத்த எதிர்ப்பு சக்தி, கிருமி வரும்போது மட்டும் எழுந்து நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

எழுத வந்த விஷயம் தடுப்பூசி. அதைப் பற்றி உங்களிடம் யாராவது கேட்டதுண்டா என்று யோசித்துப் பாருங்கள். ஈ.எஸ்.ஆர். எவ்வளவு, ஈரல் டெஸ்ட் எடுத்தாயிற்றா, காலையில் கை விறைப்பு எத்தனை நேரம் இருக்கிறது, கண் டாக்டரிடம் காட்டினீர்களா என்று எல்லாம் கேட்பார்கள். ‘ஃப்ளூ ஊசி போட்டீங்களா, நிமோனியா ஊசி போட்டீங்களா’ என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் வராது. டாக்டர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வெளியே அவ்வளவு பெரிய வரிசை நிற்கும்போது வீங்கிய மூட்டைத் தொட்டுப் பார்க்கவே அவர்களுக்கு நேரம் பற்றாது.

சங்கதி என்னவென்றால், இந்த நாட்டில் பெரியவர்களுக்குத் தடுப்பூசி போடுவது யாருடைய வேலையும் அல்ல. குழந்தைகளுக்கு 1978-இல் தொடங்கி 1985-இல் விரிவாக்கப்பட்ட தேசியத் திட்டம் இருக்கிறது. புதன்கிழமையானால் துணை சுகாதார நிலையத்தில் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் கூடிவிடுவார்கள். வராதவர்கள் வீட்டுக்கே நர்சம்மா போய் நினைவுபடுத்துவார். கர்ப்பிணிக்கு ரண ஜன்னி ஊசி உண்டு. அதற்கப்புறம் நாய் கடித்தாலோ, துருப்பிடித்த ஆணி குத்தினாலோ ஒழிய அரசாங்க ஊசி நம் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. 2021-இல் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் வரிசையில் நின்றோமே, அது விதிவிலக்கு.

குடும்ப டாக்டரிடம் போய்க் கேட்டால், நம் மாத்திரைப் பட்டியலைப் பார்த்ததும் அவர் பின்வாங்கிவிடுகிறார். “இது ஸ்பெஷலிஸ்ட் பாக்கற கேஸும்மா. உங்க பெரிய டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு வந்துடுங்க.” மூன்று மாதம் கழித்துப் பெரிய டாக்டரைப் பார்க்கும்போது வலியைச் சொல்வதிலேயே நேரம் போய்விடும். நினைவிருந்து கேட்டுவிட்டால், “தாராளமா போட்டுக்கலாமே, பக்கத்துல எங்கயாவது போட்டுக்குங்க” என்பார். எந்த ஊசி, எந்தத் தேதியில், எத்தனை தவணை என்று சீட்டில் எழுதி வாங்காத வரை இது நடக்காது. ஆகவே அறைக்குள் நுழைந்ததும் ஊசியைப் பற்றி முதலில் கேளுங்கள். வலியை அப்புறம் சொல்லுங்கள். வலியை அவர் எப்படியும் கேட்டுவிடுவார்.

இப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. யூலார் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஐரோப்பிய ருமட்டாலஜி கூட்டமைப்பு, நம்மைப் போன்ற பெரியவர்களுக்கான தடுப்பூசிப் பரிந்துரைகளை 2011-இல் வெளியிட்டு 2019-இல் புதுப்பித்தது. அதில் முதலாவதாக வைத்திருப்பதே இதைத்தான்: நோயாளி என்னென்ன ஊசி போட்டிருக்கிறார், என்ன பாக்கி என்பதை ருமட்டாலஜி டாக்டரின் குழு வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அதாவது குடும்ப டாக்டர் தலையிலோ நம் தலையிலோ அவர்கள் கட்டவில்லை. அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரியும் 2022-இல் தன் பங்குக்கு விரிவான வழிகாட்டல் ஒன்றைத் தந்திருக்கிறது. நான் டாக்டர் இல்லை. முடக்குவாதத்தோடு நெடுநாளாகக் குடித்தனம் நடத்தும் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை. கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டிலிருந்தும் எடுத்தது. நம் ஊருக்கு அதை எப்படிப் பொருத்துவது என்பதில்தான் என் அபிப்பிராயம் கலந்திருக்கும்.

முதலில் ஒரு பயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். ‘எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு ஊசி ஆகாது’ என்று நம்மவர்கள் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் பாதிதான் உண்மை. ஊசிகளில் இரண்டு ஜாதி உண்டு. கிருமியை உயிரோடு, ஆனால் பலவீனப்படுத்திக் கொடுப்பது ஒன்று. காசநோய்க்கான பி.சி.ஜி., தட்டம்மைக்கான எம்.எம்.ஆர்., சின்னம்மை ஊசி, மஞ்சள் காய்ச்சல் ஊசி, வாய்வழிப் போலியோ சொட்டு மருந்து ஆகியவை இந்த வகை. மூக்கில் பீய்ச்சும் ஃப்ளூ மருந்தும் இதில்தான் சேரும். ஊசியாகப் போடும் ஃப்ளூ மருந்து சேராது. நம்மில் பெரும்பாலோர் இந்த உயிருள்ள ஜாதியிடமிருந்து விலகித்தான் நிற்க வேண்டும். மருந்தைப் பல வாரம் நிறுத்திவிட்டுப் போடலாமா என்பது டாக்டர் மட்டுமே முடிவு செய்யக்கூடியது. இரண்டாவது ஜாதியில் செத்த கிருமியோ, அதன் ஒரு துண்டோதான் இருக்கும். அது நமக்குள் போய்ப் பெருகி நோயாக மாற வழியே இல்லை. ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி, மஞ்சள் காமாலை பி ஊசி, ரண ஜன்னி, வெறிநாய்க்கடி ஊசி, புதிய அக்கி ஊசி எல்லாம் இந்தப் பக்கம். ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்ஸேட்டும் எடுத்துக்கொண்டிருக்கும்போதே இவற்றைப் போட்டுக்கொள்ளலாம். இவற்றில் நம் பிரச்சினை ஆபத்தல்ல. போட்ட ஊசி முழுசாக வேலை செய்யுமா என்பதுதான்.

அது பெரும்பாலும் தேதியைப் பொறுத்தது. நோய் இப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டு, முதல் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பயந்துபோய் இதைப் படிக்கிறவர் உங்களில் யாராவது இருந்தால், இந்த மடலில் உங்களுக்குத்தான் பெரிய பங்கு. மருந்துகள் ஆரம்பிப்பதற்கு முன்னால் இருக்கும் அந்தச் சில நாட்களில் உங்கள் எதிர்ப்பு சக்தியை மருந்து இன்னும் தட்டி உட்கார வைக்கவில்லை. அப்போது போட்ட ஊசிக்குக் கிடைக்கும் பலன், பிறகு மருந்தோடு மருந்தாகப் போட்டால் அதே அளவுக்குக் கிடைக்காது. ஸ்டீராய்டு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமுக்குக் குறையாமல் ஓடும்போது, ஃப்ளூவைத் தவிர மற்ற ஊசிகளை, அளவு இறங்கும் வரை தள்ளிப்போடச் சொல்கிறது அமெரிக்க வழிகாட்டல். நோய் அடங்கியிருக்கும் சமயமே ஊசிக்கு ஏற்றது என்கிறது ஐரோப்பியப் பரிந்துரை.

இந்தத் தேதிக் கணக்கு மிகக் கறாராக வேலை செய்வது ரிட்டுக்ஸிமாப் விஷயத்தில். அந்த மருந்து குறிவைப்பது பி செல்களை. கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியைத் தயாரிக்கும் வேலை அந்த பி செல் பரம்பரையினுடையது. டிரிப் ஏறியதும் அவை ரத்தத்திலிருந்து கிட்டத்தட்ட மறைந்துபோய், திரும்பி வர ஆறு மாதமோ ஒரு வருடமோகூட ஆகும். அந்த இடைவெளியில் புதிதாக ஓர் ஊசி போடுவது, கோடை விடுமுறையில் காலி வகுப்பறைக்குப் போய்ப் பாடம் நடத்துவதற்குச் சமம். ஆகவே டிரிப்புக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால், முடிந்தால் நான்கு வாரம் முன்னால், போட வேண்டிய ஊசிகளை முடித்துவிட வேண்டும். முதல் டிரிப் ஏற்கெனவே முடிந்தவர்கள், ஆறு மாதம் கழித்து அடுத்த டிரிப் வரும் சமயம் ஊசியைப் போட்டுவிட்டு டிரிப்பை இரண்டு வாரம் தள்ளலாமா என்று கேட்கலாம். ஃப்ளூ ஊசிக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு வேண்டாம் என்கிறார்கள். ஃப்ளூ பருவம் நமக்காகக் காத்திருக்காது. பி செல் இல்லாவிட்டாலும் எதிர்ப்பு சக்தியின் மற்றப் பகுதிகள் ஏதோ கொஞ்சம் கற்றுக்கொள்ளும்.

ரிட்டுக்ஸிமாப்பை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. அதன் மலிவுப் பதிப்பை உலகிலேயே முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ், 2007-இல். அதனால் மற்ற நாடுகளில் எட்டாத விலையில் இருந்த மருந்து நம் ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாகப் புழங்குகிறது. மருந்து மலிவாக வந்து சேர்ந்தது. அதோடு வந்திருக்க வேண்டிய தடுப்பூசிப் பழக்கம் வரவில்லை. டிரிப்புக்கு முன் மஞ்சள் காமாலை பி-க்கான ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா என்றும் மறக்காமல் கேளுங்கள். உடம்பில் எங்கோ தூங்கிக்கொண்டிருக்கும் அந்தக் கிருமியை இந்த மருந்து எழுப்பிவிடக்கூடும். கிருமி இல்லையென்றால், அதற்கான மூன்று தவணை ஊசி மலிவாகக் கிடைக்கிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிறுநீரகத்தையோ நுரையீரலையோ நோய் தின்றுகொண்டிருக்கும்போது ‘ஊசி போட்டு நாலு வாரம் ஆகட்டும்’ என்று மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. அப்போது மருந்துதான் முதலில்.

ஃப்ளூவுக்கு வருகிறேன். இது வருடாவருடம் போட வேண்டியது. அமெரிக்கப் புத்தகங்களைப் பார்த்து ‘குளிர்காலத்துக்கு முன்’ என்று எழுதுகிறவர்கள் நம் ஊர் வானத்தைப் பார்ப்பதில்லை. இந்தியாவின் பல ஊர்களில் ஃப்ளூ எந்த மாதத்தில் ஏறுகிறது என்று கணக்கெடுத்தபோது, ஸ்ரீநகரில் அது குளிர்காலத்திலும், டெல்லி, கொல்கத்தா பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும் உச்சத்துக்குப் போனது. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபருக்கு மேல்தான், நம் அடைமழையோடு சேர்ந்து. ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்பதால், தீபாவளித் துணி எடுக்கப் போகும் நாட்களுக்கு முன்பாகவே, செப்டம்பர் வாக்கில் போட்டுக்கொள்வது தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பொருந்தும். போன வருட ஊசி இந்த வருடத்துக்கு ஆகாது. எந்த வகை வைரஸ்களை ஊசியில் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இருமுறை, வடக்கு அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியிலும் தெற்குக்குச் செப்டம்பரிலும் அறிவிக்கிறது. கடைக்காரரிடம் இருப்பது புதிய சரக்கா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.

வாரமாத்திரைக்காரர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஓர் ஆராய்ச்சி தென்கொரியாவில் நடந்தது. முடக்குவாதக்காரர்களில் ஒரு பிரிவினர் ஃப்ளூ ஊசி போட்டபின் இரண்டு வாரம் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தினார்கள். மற்றொரு பிரிவினர் நிறுத்தாமல் தொடர்ந்தார்கள். நிறுத்தியவர்களில் 75.5 சதவீதம் பேருக்கு ஊசி திருப்தியாக வேலை செய்தது, தொடர்ந்தவர்களில் 54.5 சதவீதம். 2018-இல் வெளிவந்த முடிவு இது. 2022-இல் பிரிட்டனில் கொரோனா பூஸ்டரை வைத்துச் செய்த ஆராய்ச்சியிலும் இரண்டு வார இடைவெளி விட்டவர்களுக்கு ஆன்டிபாடி இரட்டிப்புக்கு மேல் ஏறியது. ஆனால் அதில் நிறுத்தியவர்களுக்கு மூட்டு வலி கொஞ்சம் கூடுதலாகவே கிளம்பி, பிறகு அடங்கியது. இதிலிருந்து ‘ஊசி என்றால் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும்’ என்று நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டு வாரம் என்றால் இரண்டே இரண்டு வேளை மாத்திரைதான், நோய் அடங்கியிருந்தால்தான், டாக்டர் சொன்னால்தான். நிமோனியா ஊசிக்கும் அக்கி ஊசிக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தச் சொல்லவில்லை. ஸ்டீராய்டை எந்த ஊசிக்காகவும் சட்டென்று நிறுத்தவே கூடாது. நாட்பட எடுத்தவர்கள் அப்படிச் செய்தால் உயிருக்கே ஆபத்து.

நிமோனியா ஊசி பற்றிச் சுருக்கமாக. அதில் இரண்டு மாதிரி இருக்கிறது. கான்ஜுகேட் எனப்படுவதை முதலில் போட்டு, எட்டு வாரமாவது கழித்து 23 வகைகளுக்கான மற்றதைப் போடுவது வழக்கம். புதிதாக வரும் 20 வகை கான்ஜுகேட் போட்டால் இரண்டாவது தேவைப்படாது. 65 வயது ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், அது ஆரோக்கியமானவர்களுக்காகச் சொல்லப்பட்டு வந்த வயது. நம் மருந்துகளை எடுப்பவர்களுக்கு அந்த வரம்பு கிடையாது என்று சொல்லுங்கள்.

இனி அக்கி. சின்ன வயதில் சின்னம்மை வந்தவர்கள் உடம்பில் அந்தக் கிருமி வெளியேறுவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடக்கும். வயதானாலோ எதிர்ப்பு சக்தி தளர்ந்தாலோ ஒரு நரம்பின் வழியே பட்டையாகக் கொப்புளித்துக்கொண்டு வெளியே வரும். முடக்குவாதக்காரர்களுக்கு இது மற்றவர்களைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை வருகிறது. லூபஸ்காரர்களுக்கு இன்னும் கூடுதல். டோஃபாசிடினிப், பாரிசிடினிப் வகையறா மாத்திரைகள் இந்த ஆபத்தைத் தனியாக மேலும் ஏற்றிவிடுகின்றன. நோய்க்கு ஊசி மருந்து வேண்டாம், மாத்திரையே போதும் என்று கேட்டு வாங்குகிறவர்கள் நம்மில் அதிகம். அந்த மாத்திரைக்கு இப்படி ஒரு மறுபக்கம் இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவிமண்ணால் எழுதிக்கொள்ளும் வழக்கம் இன்னமும் இருக்கிறது. எரிகிற தோலில் ஈரமண் பட்டால் இதமாகத்தான் இருக்கும். அதோடு எனக்குச் சண்டையில்லை. என் கவலை கடிகாரத்தைப் பற்றியது. அசைக்ளோவிர் வகை மாத்திரையைக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். செவ்வாய்க்கிழமை எழுதி, வெள்ளிக்கிழமை எழுதி, அடுத்த செவ்வாய் மூன்றாவது தடவை எழுதிவிட்டு டாக்டரிடம் வரும்போது அந்த நேரம் கடந்திருக்கும். கண் பக்கத்து நரம்பில் வந்தால் பார்வைக்கே உலை வைக்கும். கொப்புளம் காய்ந்த பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், புடவைத் தலைப்பு உரசினால்கூடத் தாங்காத எரிச்சல் தங்கிவிடுவதுண்டு. ஏற்கெனவே மூட்டு வலியோடு இருப்பவர்களுக்கு அதுவும் வேண்டுமா?

பழைய அக்கித் தடுப்பூசி உயிருள்ள ஜாதி. நமக்கு அது உதவாமல் இருந்தது. ஷிங்ரிக்ஸ் என்னும் புதியது கிருமியின் ஒரே ஒரு புரதத்தை மட்டும் கொண்டது. 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று 2023-இல் இந்தியாவுக்கு வந்தது. இரண்டு தவணை. ஆரோக்கியமான, 50 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த சோதனைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பலன் தந்தது. நம் மருந்துகளோடு அந்த அளவு எதிர்பார்க்க முடியாது. குறைந்தாலும் அது பெரிய காப்புத்தான். கை ஓரிரு நாள் நன்றாக வலிக்கும், காய்ச்சலும் அடிக்கலாம். விலைதான் மலைக்க வைக்கிறது. ஒரு தவணைக்கே ஒரு மாதச் சம்பளம் கரைந்துபோகும் நிலையில் நம்மில் பலர் இருக்கிறோம். கையில் பணம் குறைவென்றால் என் வரிசை இதுதான்: வருடாவருடம் ஃப்ளூ, ஒருமுறை நிமோனியா, ரிட்டுக்ஸிமாப் வரப்போகிறதென்றால் மஞ்சள் காமாலை. அக்கி ஊசியை டோஃபாசிடினிப் வகை எடுப்பவர்களும் 50 தாண்டியவர்களும் சீட்டுப் பணம் எடுத்தாவது பார்க்கலாம். உங்கள் டாக்டர் வேறு வரிசை சொன்னால் அதையே கேளுங்கள்.

‘ஊசி போட்டால் அடங்கியிருக்கும் நோய் மறுபடி கிளம்பிவிடும்’ என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. எதிர்ப்பு சக்தியைத் தூண்டுவதுதான் ஊசியின் வேலை, நம் நோயே எதிர்ப்பு சக்தியின் கோளாறு. அப்படியானால் பயப்படாமல் இருப்பது எப்படி? ஆனால் கொரோனா சமயத்தில் இதைப் பெரிய அளவில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. 30 நாடுகளைச் சேர்ந்த 5,121 பேரின் விவரங்களைத் திரட்டிய ஐரோப்பியப் பதிவேட்டில், நம்மைப் போன்றவர்களில் ஊசிக்குப் பின் நோய் கிளம்பியவர்கள் 4.4 சதவீதம், கடுமையாகக் கிளம்பியவர்கள் 0.6 சதவீதம். ஊசியே போடாவிட்டாலும் நம் நோய் அவ்வப்போது கிளம்பும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் நாம். ஊசி போட்ட மறுநாள் உடம்பு வலித்தால் அது நோய் கிளம்பியது ஆகாது. மூன்று நான்கு நாளில் இறங்கவில்லை என்றால் டாக்டருக்குச் சொல்லுங்கள்.

லூபஸ் பெரும்பாலும் இளம் பெண்களுக்கு வருகிற நோய். ஆகவே இரண்டு விஷயங்களை அவர்களிடம் தனியாகச் சொல்லியாக வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. கிருமி அவர்கள் உடம்பை விட்டு எளிதில் போவதில்லை. அதற்கான ஊசி உயிருள்ளதல்ல. சீரம் இன்ஸ்டிட்யூட் தயாரிக்கும் உள்நாட்டு ஊசியும் வந்துவிட்டது. கல்யாணமாகாத பெண்ணுக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் போடுவதுதான் அந்த ஊசியின் கணக்கே.

இன்னொன்று பிரசவ வார்டில். நம் நாட்டில் குழந்தை பிறந்த கையோடு பி.சி.ஜி. போட்டுவிடுகிறார்கள். தாய் கர்ப்பத்தின் பின்பாதியில் இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் போன்ற பயாலஜிக் ஊசிகள் எடுத்திருந்தால் அந்த மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், மாதக்கணக்கில் அதன் ரத்தத்தில் இருக்கும். பி.சி.ஜி. உயிருள்ள ஊசி. குடல் நோய்க்காகக் கர்ப்ப காலத்தில் இன்ஃப்ளிக்ஸிமாப் எடுத்த ஒரு தாயின் குழந்தை, மூன்று மாதத்தில் பி.சி.ஜி. போட்டபின் அந்தக் கிருமி உடம்பெங்கும் பரவி இறந்துபோனதை பிரிட்டனிலிருந்து 2010-இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே பி.சி.ஜி. எல்லாக் குழந்தைகளுக்கும் போடுவதில்லை. இங்கே போடாமல் விட்டால்தான் ஆச்சரியம். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு முதல் ஆறு மாதம் உயிருள்ள ஊசி வேண்டாம் என்பது ஐரோப்பியப் பரிந்துரை. எனவே பிரசவத்துக்கு நாள் குறித்ததுமே, நீங்கள் எடுத்த பயாலஜிக்கின் பெயரையும் கடைசித் தேதியையும் குழந்தை டாக்டருக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வலி எடுத்து உள்ளே போனபிறகு யாரும் கேட்க மாட்டார்கள்; வெளியே நிற்கும் அம்மாவுக்கும் மாமியாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஹெச்.சி.க்யூ. மட்டும் எடுத்தவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. பிறந்ததும் போடும் மஞ்சள் காமாலை ஊசிக்கு யாருக்கும் தடையில்லை.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் சொட்டு மருந்துக் கேள்வியும் வரும். எதிர்ப்பு சக்தி குறைந்தவர் உள்ள வீட்டில் வாய்வழிப் போலியோ மருந்தைத் தவிர்க்கச் சொல்கிறார்கள் ஐரோப்பாவில். நம் ஊரில் அது தேசிய இயக்கம். குழந்தைக்குப் போலியோ காப்பு இல்லாமல் விடுவது சரியான விடை ஆகாது. போலியோவுக்கு ஊசியும் உண்டு. உங்கள் டாக்டர், குழந்தை டாக்டர் இருவரையும் கேட்டு முடிவு செய்யுங்கள். சொட்டு மருந்து போட்ட வாரங்களில் மலத்துணி மாற்றும் வேலையை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும், முடியாவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மற்றபடி வீட்டில் இருக்கும் ஆரோக்கியமானவர்கள் எல்லோரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது நமக்குப் போடுவதைவிடச் சில சமயம் அதிகப் பலன் தரும். பள்ளிக்கூடத்திலிருந்து காய்ச்சலைக் கொண்டுவருவது பேரப்பிள்ளைதானே.

தெருநாயைப் பற்றிச் சொல்லாமல் தமிழ்நாட்டில் தடுப்பூசி மடல் எழுத முடியாது. வெறிநாய்க்கடி ஊசி உயிருள்ளதல்ல. எந்த மருந்து எடுத்தாலும் எந்த நோய் இருந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. மற்றவர்களுக்கு, ரத்தம் வராத லேசான கீறல் என்றால் தடுப்பூசி மட்டும் போதும் என்று அனுப்பிவிடுவார்கள். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு அந்தக் கீறலுக்கும் இம்யூனோகுளோபுலின் தர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. நாம் ஆரோக்கியமாகத் தெரிவதால் அவசரப் பிரிவில் இருப்பவருக்கு இது தோன்றாது. சோப்பும் குழாய்த் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு, மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துப் போய் நீட்டுங்கள். அசுத்தமான பெருங்காயமாக இருந்து, சமீபத்தில் ரிட்டுக்ஸிமாப் ஏறியிருந்தால், ரண ஜன்னிக்கும் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் வேண்டியிருக்கும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் வந்தபிறகு பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அது நடக்கும் மாநிலத்தில், அரசு மருத்துவமனைகளின் வாதநோய்ப் பிரிவுகளில் பெயர் பதிந்திருப்பவர்களுக்கு வருடம் ஒரு ஃப்ளூ ஊசியும் ஆயுளில் ஒரு நிமோனியா ஊசியும் இலவசமாகத் தருவது முடியாத காரியமா? நிமோனியா கான்ஜுகேட் ஊசியைக் குழந்தைகளுக்காக அரசே 2021 முதல் நாடு முழுக்கப் போடுகிறது. குளிர்பெட்டியும் நர்சும் ஏற்கெனவே உண்டு. நாமோ சிதறிக் கிடக்கிறோம். சர்க்கரைக்காரர்களைப் போலக் கூட்டமாகத் தெரிவதில்லை, அதனால் நம் பெயரில் யாரும் மனுக் கொடுப்பதில்லை. மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதலாம். தமிழில், ஒரு பக்கத்தில், கேட்பதை மட்டும் கேட்டு.

ஓ.பி. நோட்டின் கடைசிப் பக்கத்தை ஊசிக்கென்று ஒதுக்குங்கள். போட்ட தேதி, ஊசியின் பெயர், அடுத்த தவணை, அன்று ஸ்டீராய்டு எத்தனை மில்லிகிராம், கடைசி டிரிப் எப்போது என்பதை நர்சிடமே எழுதி வாங்குங்கள். சில ஊசிக் குப்பிகளில் உரித்து ஒட்டும் சீட்டு இருக்கும், அதையும் கேட்டு ஒட்டிவிடுங்கள். ஊர் மாறினாலும் டாக்டர் மாறினாலும் அந்த ஒரு பக்கத்தை நீட்டினால் போதும்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி

பி.கு.: ஆப்பிரிக்காவுக்கோ தென்னமெரிக்காவுக்கோ வேலைக்கோ, பிள்ளைகளைப் பார்க்கவோ போகிறவர்களுக்கு. மஞ்சள் காய்ச்சல் ஊசி கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அது உயிருள்ள ஊசி. விசாவுக்காக என்று போய் வரிசையில் நிற்பதற்கு முன் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். போடக் கூடாத நிலையில் இருப்பவர்களுக்கு மருத்துவக் காரணம் காட்டி விலக்குச் சான்று தர சர்வதேச விதிகளில் இடமுண்டு. அதை அந்த நாடு ஏற்குமா என்று டிக்கெட் எடுப்பதற்கு முன்பே தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கொசு மட்டும் எந்தச் சான்றிதழையும் பார்க்காது, ஆகவே அந்தப் பயணம் தேவைதானா என்றும் ஒருமுறை யோசியுங்கள்.